மழை ஓயுமுன் தோட்டம், விடுமுறையில் பயணம்

நம் நாட்டில் கோடை, குளிர் என்னும் பருவங்கள் இல்லை என்றும், ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் என்றும் பாடநூலில் படிக்கின்றோம். அது பொதுவான உண்மை. எனினும் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களில் வாழும் நமக்குத் தை, மாசி மாதங்கள் எப்படியிருக்கும் என்பது தெரியும். வீட்டு முற்றத்துப் புல் காய்ந்து மஞ்சளாகும். மண் பிளந்து காணும். ஓடையில் நீர் குறையும். பெயர் எதுவாயினும், வடபகுதி மக்களுக்கு அதுவே கோடை.

இதன் காரணத்தை மாணவர்கள் அறிந்து கொள்வது நல்லது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் நீராவியைச் சுமந்து வந்து கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் கொட்டித் தீர்க்கின்றது. மலைத்தொடர்களைத் தாண்டி நம் பக்கம் வரும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்துவிடுகின்றது. ஆகவே அங்கே வெள்ளம் வரும் காலத்தில் இங்கே வறட்சி தொடங்குகின்றது. நமக்கு நல்ல மழை செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான். டிசம்பரில் அது குறையத் தொடங்கி, ஜனவரி, பிப்ரவரியில் மிகவும் அருகிவிடும். சில ஆண்டுகளில் வறட்சி இன்னும் நீள்வதுண்டு. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் வெப்பம் 40.1 பாகை செல்சியசாகப் பதிவாயிற்று. அது எல் நினோ ஆண்டு.

இந்த வறண்ட மாதங்களுக்கும் நம் அடுக்களைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கும். புதிய தளிர் முற்றும் வரையில் பால் குறையும். பால் குறைந்தால் வெட்டுபவரின் வருமானமும் குறையும். அதற்குச் சற்று முன்னர்தான் டிசம்பர் நீண்ட விடுமுறை வருகின்றது. தாய்நாட்டு உறவினரைக் காணத் தமிழகம் செல்லும் குடும்பங்கள் உண்டு. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உள்ள மக்களைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டியர் உண்டு. பயணத்தில் கைப்பணம் கரையும். திரும்பி வந்ததும் பள்ளிச் சீருடை, புத்தகப்பை, பேருந்துக் கட்டணம் என்று செலவுகள் வரிசையில் நிற்கும். கையில் பணம் குறைந்திருக்கும் அந்த மாதங்களில் கத்தரிக்காயும் மிளகாயும் முருங்கைக் கீரையும் வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்குமானால் அது எவ்வளவு பெரிய துணை என்பதைத் தாய்மார்களிடம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பிப்ரவரியில் காய் வேண்டும் என்று பிப்ரவரியில் நட முடியாது. மழை இருக்கும்போதே நட வேண்டும். மழை இருக்கும் மாதத்திற்கும் காய் பறிக்கும் மாதத்திற்கும் நடுவில்தான் நாம் மூன்று வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகின்றோம். இக்கட்டுரையில் நாம் ஆராயும் சிக்கல் இதுவே.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுவோம். ‘தோட்டம்’ என்றால் மலேசியத் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது ரப்பர்த் தோட்டமோ செம்பனைத் தோட்டமோதான். ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பண்படுத்திய நம் முன்னோர், தமக்கென்று வைத்திருந்தது லயத்து வீட்டின் பின்னால் பத்தடிக் கொல்லை. அந்தக் கொல்லையையே நாம் இங்கே வீட்டுத் தோட்டம் என்கின்றோம். 1974ஆம் ஆண்டில் நாட்டின் இரண்டாம் பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்தில் பச்சைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பட்டு, வீட்டைச் சுற்றியும் பள்ளியைச் சுற்றியும் காய்கறி பயிரிடும்படி மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர். அத்திட்டத்தின் பெயரை அறியாத சிறுவர்களும், அந்நாளில் நடப்பட்ட முருங்கைகளின் வழிவந்த மரத்தில் இன்று கீரை பறித்துக் கொண்டிருக்கக் கூடும்.

பயணத்தைத் திட்டமிடும்போது நாம் என்ன செய்கின்றோம்? புறப்படும் நாளை முதலில் முடிவு செய்கின்றோம். பின்னர் அதிலிருந்து பின்னோக்கி எண்ணுகின்றோம்: கடப்பிதழுக்கு இன்னும் ஆறு மாதமாவது தவணை இருக்கின்றதா, விசா எப்போது எடுப்பது, பயணச் சீட்டு எப்போது வாங்குவது என்று. தோட்டத்தையும் அதே தாளில், அதே முறையில் எண்ணவேண்டும். பெரும்பாலோர் செய்வது வேறு. தீபாவளி முடியட்டும் என்கின்றனர். தீபாவளியோ அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே வருவது. அது முடிந்து மண்வெட்டியை எடுக்கும்போது பயணத்திற்கு மூன்று வாரமே இருக்கும். அவசரமாக நட்ட நாற்று வேர் பிடிக்குமுன் மழை நிற்கும், வீடும் பூட்டப்படும். திரும்பி வரும்போது காய்ந்த குச்சிகளே மிஞ்சும். வேலை தொடங்க ஏற்ற காலம் புரட்டாசியின் நடுப்பகுதி.

மாணவர்கள் ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொள்ளட்டும். டிசம்பர் 10ஆம் நாள் புறப்பட்டு, 31ஆம் நாள் திரும்புவதாகக் கொள்வோம். நட்ட கத்தரி நாற்று முதற்காய் தர ஏறக்குறைய 60 முதல் 70 நாள் ஆகும். நவம்பர் முதல் நாள் நட்டால் டிசம்பர் 31க்கும் ஜனவரி 10க்கும் இடையில் முதற்காய். நாம் வீட்டுக்கு வந்து சேரும் வேளைக்கு அது சரியாக அமைகின்றது. மிளகாய்க்கு ஏறக்குறைய 75 நாள். அதே நாளில் நட்டால் ஜனவரி 15, அதாவது பொங்கலை ஒட்டி. கத்தரி, மிளகாய் இரண்டிற்கும் விதை ஊன்றியது முதல் நாற்றாகப் பிடுங்கி நடும் வரை நான்கைந்து வாரம் தேவை. எனவே மிளகாய் விதையைச் செப்டம்பர் இறுதியிலும், கத்தரி விதையை அக்டோபர் முதல் வாரத்திலும் நாற்றங்காலில் இட்டிருக்க வேண்டும். பயணச் சீட்டைப் பற்றிப் பேச்சு எழும் நாளிலேயே நாற்றங்காலும் தொடங்கப்பட வேண்டும் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

கீரை வகைகளின் கணக்கு எளிது. தண்டுக்கீரையும் கங்கோங் கீரையும் விதைத்த 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். டிசம்பர் 10இலிருந்து 30 நாள் பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 10. நமக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அறுவடை முடிய வேண்டுமாதலால் நவம்பர் 7க்குப் பின்னர்க் கீரை விதைப்பது வீண். புறப்படுமுன் கீரைப் பாத்தியை முழுவதும் பறித்துச் சமைத்துவிட வேண்டும். மிஞ்சியதை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டுப் பாத்தியை மூடாக்கிட்டு விட்டுச் செல்லலாம்.

சற்றுச் சிந்திக்க வைப்பது வெண்டையே. விதைத்து 45 முதல் 50 நாளில் அது காய்க்கும். நவம்பர் முதல் நாள் விதைத்தால் டிசம்பர் 16க்கும் 21க்கும் இடையில், நாம் வெளியூரில் இருக்கும்போது காய்ப்பு தொடங்கும். வெண்டைக்காய் இரண்டு மூன்று நாளில் முற்றி நாராகிவிடும். அது மட்டுமன்று; முற்றிய காய்கள் செடியிலேயே நின்றால், செடி தன் சத்தையெல்லாம் விதைக்குச் செலுத்திப் புதிய பூ விடுவதைக் குறைத்துக் கொள்ளும். பயற்றங்காய்க்கும் இதே குணம் உண்டு. அதனால் இவை இரண்டிற்கும் பறிப்பவர் ஒருவர் அவசியம். அக்டோபர் 10இல் விதைத்து நவம்பர் இறுதியிலிருந்து நாமே பறிக்கத் தொடங்கலாம். ஆனாலும் நாம் இல்லாத மூன்று வாரத்திற்குப் பறிக்கும் உரிமையை வேறொருவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். நீர் ஊற்றுபவர் யாரோ அவருக்கே காய் என்று முதலிலேயே சொல்லிவிடுவது முறை. அவர் தயங்கித் தயங்கிப் பறிக்காமல் விட்டால் நட்டம் நமக்குத்தான். இதனை நாம் பெருந்தன்மை என்று எண்ண வேண்டியதில்லை. அவர் பறிக்கப் பறிக்கத்தான் நம் செடி காய்க்கும்.

இனி மண்ணைப் பார்ப்போம். மழை மிகுந்த நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. நடுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே சுண்ணாம்புத் தூளைத் தூவி மண்ணோடு கலந்துவிடுதல் நன்று. கோழி எருவைப் பச்சையாக இடலாகாது. அதன் சூட்டில் வேர் கருகிவிடும். மக்கிய எருவே வேண்டும். இடம் தேர்ந்தெடுக்கும்போது நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படுகின்றதா என்று காண வேண்டும். செம்பனை மட்டையின் நிழலில் கத்தரி காய்க்காது.

பாத்தி அமைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அக்டோபர் மழையில் நீர் தேங்காதிருக்கப் பாத்தி 20 செண்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். ஆனால் அதே மேட்டுப் பாத்தி ஜனவரியில் விரைவாகக் காய்ந்துவிடும். ஆகவே நவம்பர் இறுதியில் மழை தளரும்போது, வாய்க்காலில் கிடக்கும் மண்ணை வாரிப் பாத்தியின் நான்கு ஓரமும் வரம்புபோல் உயர்த்திவிட வேண்டும். பாத்தி தட்டுப்போல் ஆகிவிடும். ஊற்றும் நீர் வழிந்தோடாமல் வேருக்குச் செல்லும். இந்த அரைமணி வேலையைப் பலர் செய்வதில்லை.

நாற்றை மாலையில் நடுதல் வேண்டும். முதல் ஒரு வாரம் தென்னை ஓலையால் நிழல் கொடுத்தும், மழையில்லாத நாளில் காலை மாலை நீர் ஊற்றியும் காக்க வேண்டும். செடிக்குச் செடி 60 செண்டிமீட்டர் இடைவெளி விடலாம். வேர் பிடித்த பின்னர் நாம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நாள்தோறும் சிறிது நீர் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும்; வேரும் மேலேயே படரும். அவ்வாறு வளர்ந்த செடி ஒருநாள் நீரின்றியும் வாடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆழ நனையும்படி ஊற்றினால் வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே செடியை இவ்வாறு பழக்க வேண்டும். பயணத்திற்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது போலத்தான் இதுவும்.

மூடாக்கு என்பது மண்ணின் மேல் பரப்பும் போர்வை. காய்ந்த லாலான் புல், ரப்பர் இலை, வைக்கோல், பழம் உதிர்த்த செம்பனைக் குலையின் நார் ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் பயன்படும். ஐந்தாறு செண்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பித் தண்டை ஒட்டாமல் சற்று இடைவெளி விட வேண்டும். ஒட்டினால் தண்டு அழுகும். லாலான் புல்லைப் பூக்குமுன் அறுப்பதும், வேரில்லாமல் அறுப்பதும் முக்கியம். இல்லையேல் மூடாக்கு போட்ட இடத்தில் லாலான் காடே வளரும்.

எவருடைய காவலும் மிகுதியாக வேண்டாத பயிர்களும் உண்டு. சர்க்கரைவள்ளிக் கொடியை அக்டோபர் 10இல் நட்டால் ஆறு வாரத்தில் நிலத்தை மூடிக்கொண்டு தானே தனக்கு மூடாக்காகிவிடும். நான்கு மாதத்தில், அதாவது பிப்ரவரி முதல் வாரத்தில், கிழங்கு எடுக்கலாம். இளங்கொழுந்தைக் கீரையாகவும் சமைக்கலாம். முருங்கைப் போத்து மழைக்காலத்தில் நட்டு வேர் பிடித்துவிட்டால் வறட்சிக்கு அஞ்சாது. நீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் நடலாகாது. மரவள்ளி பலன்தர எட்டு மாதத்திற்கு மேல் ஆகும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது தோட்டத்து மக்களின் பசியை ஆற்றியது இக்கிழங்கே. அக்காலத்தை அறிந்த முதியோர் சிலர் பின்னர் அதனைக் கையாலும் தொட விரும்பியதில்லை. மாணவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: மரவள்ளியில் இயற்கையாகவே நச்சுப்பொருள் உண்டு. தோலை உரித்து, நிறைந்த நீரில் நன்கு வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டே உண்ண வேண்டும். பச்சையாக ஒருபோதும் கடிக்கக் கூடாது.

நாம் இல்லாதபோது நீர் ஊற்றப்போகும் அண்டை வீட்டாரைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம். அவர் விடியுமுன் வேலைக்குச் செல்பவராக இருக்கலாம். அல்லது முழங்கால் வலியுள்ள பாட்டியாக இருக்கலாம். ‘கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்’ என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வண்டி ஏறுவது நியாயமன்று. ஆறு கத்தரி, ஆறு மிளகாய் ஆகப் பன்னிரண்டு செடிகள். செடிக்கு இரண்டு லிட்டர் என்றால் 24 லிட்டர். பன்னிரண்டு லிட்டர் வாளியில் இரண்டு வாளி. ஒன்றுவிட்டு ஒருநாள் என்றால் 21 நாளில் ஏறக்குறைய பத்து முறை. இக்கணக்கை முன்கூட்டியே சொன்னால் தம்மால் இயலுமா என்பதை அவரே முடிவு செய்வார். இருபது செடிக்கு மேல் வைத்துவிட்டுப் பிறரை நம்பிச் செல்வது கூடாது என்பது நம் கருத்து. புறப்படுவதற்கு முன் ஒருநாள் அவரோடு நின்று ஒருமுறை நீர் ஊற்றிக் காட்டுவதும், குழாய் எங்கே, வேலிக் கதவின் கொக்கி எங்கே என்று காட்டுவதும் நல்லது. வேலியில் ஓட்டை இருந்தால் அதற்கு முன்பே அடைத்துவிட வேண்டும். கோழியையும் ஆட்டையும் விரட்டும் வேலை அவருடையதன்று.

கைவசம் ஆளில்லாதவர், ஞெகிழிப் புட்டியின் மூடியில் ஊசித்துளையிட்டு, நீர் நிறைத்து, செடியருகில் தலைகீழாகப் புதைத்து வைப்பதுண்டு. இரண்டு மூன்று நாள் பயணத்திற்கு இது உதவும். மூன்று வாரத்திற்கு உதவாது.

நீர் ஊற்றும் பாத்திரம் பற்றித் தோட்டப்புற மக்களுக்கு ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் தோம்புகளை எத்தனை முறை கழுவினாலும் காய்கறிக்கு நீர் ஊற்றப் பயன்படுத்தக் கூடாது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் பழைய தோம்புகள் கொட்டகை மூலையில் கிடப்பதுண்டு. அவற்றில் சிறுவர் கைவைக்கலாகாது.

அடுத்தது கொசு. பூட்டிய வீட்டின் முற்றத்தில் திறந்து கிடக்கும் வாளியும், பூந்தொட்டியின் அடித்தட்டும், பழைய டயரும் ஏடிஸ் கொசுவின் வளர்ப்பிடங்கள். முட்டை, புழுவாகிக் கூட்டுப்புழுவாகிப் பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நாம் இல்லாத 21 நாளில் இரண்டு தலைமுறைக் கொசுக்கள் பிறந்து பறந்துவிடலாம். டெங்கிக் காய்ச்சல் வருவது, நமக்காக நீர் ஊற்ற வந்தவரின் பிள்ளைக்காக இருக்கலாம். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி கொசுவை வளரவிடும் வீட்டுக்காரருக்குத் தண்டம் விதிக்கப்படும். வீட்டில் ஆளில்லை என்பது காரணமாகாது. வாளிகளைக் கவிழ்த்து, தொட்டித் தட்டுகளை எடுத்து அடுக்கி, மழைநீர்ப் பீப்பாயை இறுக மூடிய பின்னரே கதவைப் பூட்ட வேண்டும். தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் தேவை. ஏனெனில் ஒட்டியிருக்கும் ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். இந்த வேலையை மாணவர்களிடமே ஒப்படைக்கலாம்.

இன்று நம்மவர் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்டனர். அவர்களுக்கு நிலமில்லை, தொட்டிகள் உண்டு. தொட்டி மண் நிலத்தைக் காட்டிலும் விரைந்து காயும். புறப்படுமுன் தொட்டிகளையெல்லாம் காலை வெயில் மட்டும் படும் ஓரிடத்தில் நெருக்கமாகச் சேர்த்து வைத்தால் ஒன்றன் நிழல் மற்றொன்றைக் காக்கும். கறிவேப்பிலை, இஞ்சிப்புல், கற்பூரவல்லி ஆகியவை இவ்வாறு தாக்குப்பிடிக்கக் கூடியவை. தக்காளியும் கொத்தமல்லியும் தாக்குப்பிடிக்கமாட்டா.

தமிழகம் செல்வோர் திரும்பும்போது மல்லிகைப் பதியனும் நாட்டுக் கத்தரி விதையும் பையில் வைத்துக்கொண்டு வர விரும்புவர். அந்த ஆசை இயல்பானது. ஆனால் 1976ஆம் ஆண்டின் பயிர்த் தடுப்புக்காப்புச் சட்டத்தின்படி செடி, விதை, மண் ஆகியவற்றை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருதல் குற்றம். வெளிநாட்டு மண்ணோடு வரும் பூச்சியும் பூஞ்சையும் இங்குள்ள பயிரை அழித்துவிடக் கூடும் என்பதே காரணம். தென்னமெரிக்காவில் ரப்பர் மரங்களை அழித்த இலைக்கருகல் நோய் இங்கு வந்துவிடக் கூடாதே என்று நம் நாடு இன்றும் விழிப்போடு இருக்கின்றது. ரப்பரை நம்பி வாழ்ந்த நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். விதையை இங்குள்ள கடையிலேயே வாங்கலாம். அதைவிட நல்லது, முற்றிய ஒரு கத்தரிக்காயைப் பறிக்காமல் விட்டு விதையெடுத்து, மண்டபத்துத் திருமணத்தில் சந்திக்கும் உறவினரோடு பரிமாறிக் கொள்வது.

வீடு திரும்பிய மறுநாள் காலையில் செய்ய வேண்டியவை சில உண்டு. பழுத்த இலைகளையும் முற்றிய காய்களையும் அகற்றி, மூடாக்குக் குறைந்த இடத்தில் புதிதாகச் சேர்த்து, கத்தரிச் செடிக்கு ஒரு பிடி மக்கிய எரு இட வேண்டும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வறண்ட காலத்தில் வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் அங்கேதான் கூடும். மிகுதியாகக் கண்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம். அரிசி கழுவிய நீரையும் காய்கறி கழுவிய நீரையும் வாளியில் சேர்த்துச் செடிக்கு ஊற்றும் வழக்கத்தை அன்று முதல் தொடங்கி, மார்ச் இறுதியில் மழை திரும்பும் வரை கைவிடாதிருக்க வேண்டும். முதலில் பறிக்கும் கத்தரிக்காயில் பாதியை, மூன்று வாரம் வாளி சுமந்த வீட்டுக்குப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம்.